ஆட்டோபைலட் டியூனிங்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்

விமானம் சொன்ன உயரத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைகிறது. புதிதாக வருபவர் உடனே உயரக் கட்டுப்பாட்டின் எண்களைத் திறப்பார். ஒன்றைக் கூட்டுவார், இன்னொன்றைக் குறைப்பார். ஆட்டத்தின் தோற்றம் மாறும், ஆட்டம் போகாது. நானும் இப்படி ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால், எலிவேட்டருக்குப் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) போகும் கம்பியில் லொடலொடவென்று இடைவெளி. உயரத்துக்கும் அதற்கும் நடுவே மூன்று அடுக்குகள் இருந்தன.

இந்த வழிகாட்டி இறக்கை வைத்த விமானங்களுக்கானது. ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 போன்ற ஆட்டோபைலட் மென்பொருள்கள் ஓட்டும் ஆளில்லா விமானமானாலும் சரி, ஃப்ளைட்கியர், எக்ஸ்-பிளேன், ஜேஎஸ்பிசிம் ஆகிய சிமுலேட்டர்களில் பறக்கும் மாதிரியானாலும் சரி, வரிசை ஒன்றுதான். குவாட்காப்டர் வேறு கதை.

1. அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோபைலட் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய வளையங்கள். உள்ளே இருப்பது சுழற்சி வேகத்தைப் பார்ப்பது: நொடிக்கு எத்தனை டிகிரி உருள வேண்டும் என்று கேட்டு ஏலரானை (இறக்கையின் பின்னோரத் தட்டு) அசைக்கும். அதற்கு வெளியே கோண வளையம்: 30 டிகிரி சாய்வு வேண்டும் என்று சொல்லும். அதற்கும் வெளியே உயரமும் வேகமும். எல்லாவற்றுக்கும் வெளியே பாதை.

வெளியே இருப்பது கட்டளை போடும்; உள்ளே இருப்பது உடனே கேட்டுவிடும் என்று நம்பித்தான் போடும். உள் வளையம் தாமதமாகக் கேட்டால், வெளி வளையத்தின் திருத்தம் எப்போதும் காலம் கடந்தே வந்து சேரும். அந்தத் தாமதம்தான் ஆட்டமாகத் தெரிகிறது. அதனால் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையை மீறவே கூடாது. ஒவ்வொரு வெளி வளையமும் தனக்கு உள்ளே இருப்பதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு மெதுவாக இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க, ஒரு ஆட்டம் முடிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். சிறு விமானத்தில் ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பு என்றால் சுழற்சி வளையத்தைச் சந்தேகப்படலாம். இரண்டு மூன்று நொடி என்றால் கோண வளையம், அல்லது அளவுக்கு மீறிய ஐ (பிழையைச் சேர்த்து வைத்துத் திருத்தும் பங்கு). அதற்கு மேல் போனால் உயரமோ பாதையோ.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வேகமும் உயரமும் மாறி மாறிக் கைமாறும் ஃபியூகாய்ட் என்ற இயல்பான அலைவு எல்லா விமானத்துக்கும் இருக்கிறது. அதன் காலம் தோராயமாக 0.45 பெருக்கல் வேகம், வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்துக்கொண்டால். 15 மீட்டர் வேகத்தில் சுமார் 7 நொடி, 50 மீட்டர் வேகத்தில் சுமார் 23 நொடி. உங்கள் உயர ஆட்டம் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், ஆட்டோபைலட் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை அடக்கத் தவறியிருக்கிறது.

2. கையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்

முதலில் லாக், அதாவது பறப்புப் பதிவு. கட்டளை, உண்மை, சர்வோவுக்குப் (தட்டுகளை அசைக்கும் சிறு மோட்டார்) போன வெளியீடு மூன்றும் ஒரே நேர அச்சில் பதிவாக வேண்டும், நொடிக்கு 25 முறையாவது. கண்ணால் பார்த்து டியூன் செய்பவர்கள், தரையிலிருந்து பார்க்கும்போது காற்றின் ஆட்டத்தையும் கெயினின் (திருத்தத்தின் பலத்தைச் சொல்லும் எண்) ஆட்டத்தையும் பிரிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து, இயந்திர வேலை. ஏலரான், எலிவேட்டர், ரட்டர் (வாலின் செங்குத்துத் தட்டு) எதையும் விரலால் பிடித்து அசைத்தால் லொடலொடப்பு இருக்கக் கூடாது. அந்த இடைவெளிக்குள் சர்வோ நகர்ந்தாலும் தட்டு நகராது. அதை எந்த எண்ணாலும் சரிக்கட்ட முடியாது. எடை மையம் வடிவமைப்பாளர் சொன்ன இடத்தில், சந்தேகம் இருந்தால் சற்று முன்னால் இருக்கட்டும். வால் கனத்த விமானத்தை டியூன் செய்ய உட்காராதீர்கள். அது பறக்கும், ஆனால் ஒவ்வொரு நொடியும் கவிழப் பார்க்கும்.

காற்று வேக உணரி இருந்தால் நல்லது. காற்று வீசும் நாளில் ஜிபிஎஸ் தரும் தரை வேகம் வேறு, இறக்கை உணரும் வேகம் வேறு. கட்டுப்பாட்டுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

சிமுலேட்டர் என்றால் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகப் பாருங்கள். ஒன்று, கணக்கிடும் வேகம். ஃப்ளைட்கியரில் பறப்பியல் கணக்கு வழக்கமாக நொடிக்கு 120 முறை ஓடும். ஆனால் நீங்கள் எழுதிய கட்டுப்பாடு திரையின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை ஓடினால், 60 ஃபிரேம் 20 ஆகும்போது உங்கள் தாமதம் 17 மில்லிநொடியிலிருந்து 50 மில்லிநொடியாகிவிடும். மேகம் கூடினால் மட்டும் விமானம் நடுங்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, சர்வோ. சிமுலேட்டர் மாதிரிகளில் பெரும்பாலும் கட்டளை போட்ட கணமே தட்டு அங்கே போய் நிற்கும். ஜேஎஸ்பிசிம்மில் ஆக்சுவேட்டர் என்ற கூறு இருக்கிறது. அதில் தாமதத்தையும் வேக வரம்பையும் போடுங்கள். சாதாரணச் சர்வோ 60 டிகிரி நகர 0.12 நொடி எடுக்கிறது என்று வைத்தால், வேக வரம்பு நொடிக்கு 500 டிகிரி. இதைப் போடாமல் கண்டுபிடித்த கெயின் எதுவும் உண்மை விமானத்துக்கு உதவாது.

3. மேசை மேல் திசை பார்ப்பது

இரண்டு நிமிட வேலை. பல விமானங்கள் நொறுங்குவது இதைத் தவிர்ப்பதால்தான்.

நிலைப்படுத்தும் முறையை இயக்கி, ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தைக் கையில் எடுங்கள். வலப்பக்கம் சாயுங்கள். வல இறக்கையின் ஏலரான் கீழே இறங்க வேண்டும், இட இறக்கையின் ஏலரான் மேலே ஏற வேண்டும். தாழ்ந்த இறக்கையைத் தூக்க அதுதான் வழி. மூக்கைக் கீழே சாயுங்கள். எலிவேட்டர் மேலே போக வேண்டும்.

பலர் ரிமோட் குச்சியை அசைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கிளம்பிவிடுகிறார்கள். குச்சிக்குச் சரியாக அசைவது வேறு, உணரிக்குச் சரியாக அசைவது வேறு. ஆட்டோபைலட் பலகை தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தால் முதலாவது சரியாக இருக்கும், இரண்டாவது தலைகீழாக இருக்கும். சிமுலேட்டரிலும் இதே சோதனை உண்டு: ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) கோணத்தைக் கையால் மாற்றி வைத்து, வெளியீட்டின் குறி எதிர்த்திசைக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.

4. ஆட்டோபைலட்டை அணைத்து ட்ரிம்

காற்று அமைதியான நேரத்தில், பயண வேகத்தில், கையால் நேராகப் பறக்க விடுங்கள். குச்சியை விட்டால் விமானம் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். இல்லையென்றால் கம்பியைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

ட்ரிம் சரியில்லாத விமானத்தில் ஐ அந்தக் குறையைச் சுமக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவை பறப்பு முறையை மாற்றும்போதும் அது பூஜ்யத்திலிருந்து மறுபடி சேர வேண்டும். அதுவரை விமானம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பறக்கும்போது நேராகப் போக எத்தனை சதவீத த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் சக்தி) வேண்டும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 9-ஆம் படியில் அந்த எண் தேவைப்படும்.

5. ரோல் சுழற்சி வளையம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரோல் நன்றாக அமைந்தால் மற்றதெல்லாம் பாதி முடிந்த மாதிரி. பிட்சைவிட (மூக்கின் ஏற்ற இறக்கம்) ரோலை முதலில் எடுப்பதற்குக் காரணம், ரோலில் தவறினாலும் உயரத்தை உடனே இழக்க மாட்டோம்.

எஃப்எஃப் என்ற ஃபீட்ஃபார்வர்டில் தொடங்குங்கள். பி இப்போதுள்ள பிழையையும், ஐ சேர்ந்துபோன பிழையையும், டி பிழை மாறும் வேகத்தையும் பார்க்கும்; மூன்றும் தவறு நடந்த பிறகு திருத்துபவை. எஃப்எஃப் மட்டும், இவ்வளவு உருள வேண்டுமென்றால் இவ்வளவு ஏலரான் என்று முன்கூட்டியே போடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், வகுத்தலே போதும். லாக்கில் ஏலரான் 6 டிகிரியில் நிலையாக நின்று, ரோல் வேகமும் நொடிக்கு 30 டிகிரியில் நிலைத்த இடத்தைத் தேடுங்கள். 6 வகுத்தல் 30, அதாவது 0.2. உங்கள் மென்பொருளின் அலகு வேறாக இருக்கலாம், விகிதம் இதுதான்.

புதியவர்கள் எஃப்எஃப்பைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு, மொத்த வேலையையும் பி-யின் தலையில் கட்டுகிறார்கள். பி பெரிதாகிறது, சின்னக் காற்றுக்கும் ஏலரான் படபடக்கிறது, சர்வோ சூடாகிறது.

அப்புறம் பி. ஐ-யும் டி-யும் பூஜ்யம். ஃப்ளைட்கியரின் பிஐடி-யில் ஐ-க்குப் பதிலாக நேர அளவு கேட்கும். அது வகுக்கும் எண் என்பதால், ஐ-யை அணைக்க அதற்கு மிகப் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டும், பூஜ்யம் அல்ல. இதில் தடுக்கி விழாதவர் குறைவு. பி-யை ஒவ்வொரு முறையும் கால் பங்கு கூட்டி, குச்சியைச் சட்டென்று வலம் இடம் தள்ளிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் குச்சியை விட்ட பிறகும் இறக்கை வேகமாகத் துடிக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, உடனே அதில் பாதிக்கு இறக்குங்கள். பாதி என்பது பயம் அல்ல: வேகம் கூடும்போதும் பேட்டரி மாற்றி எடை நகரும்போதும் அந்த இடைவெளி தேவைப்படும்.

அடுத்து டி, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். லாக்கில் உண்மைக் கோடு கட்டளைக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினால், கொஞ்சம் டி அதைப் பிடித்து நிறுத்தும். டி அதிர்வையும் பெருக்கிக் காட்டும். அதனால் வடிகட்டியைத் தாழ்த்த ஆசை வரும். 20 ஹெர்ட்ஸில் வெட்டும் எளிய வடிகட்டி சுமார் 8 மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கிறது. அதை 5 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 32 மில்லிநொடி. தாமதம் கூடினால் டி கொடுக்கும் நன்மை போய்விடும். அதிர்வு அதிகம் என்றால் ப்ரொப்பெல்லரைச் சமப்படுத்துங்கள், பலகைக்கு அடியில் மெத்தை வையுங்கள்.

ஐ-க்கு எஃப்எஃப்பின் அளவிலேயே ஒரு எண்ணில் தொடங்கி, ட்ரிம் பிழை சில நொடிகளில் மறைகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு உச்ச வரம்பு கட்டாயம். விமானம் தரையில் நிற்கும்போது பிழை தீராது; ஐ ஏறிக்கொண்டே போகும்; கிளம்பிய கணத்தில் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும்.

6. கோண வளையம்

இதற்கு ஒரே எண் போதும்: நேர மாறிலி. கோணப் பிழையை இந்த எண்ணால் வகுத்தால் கேட்கும் சுழற்சி வேகம் கிடைக்கும். மாறிலி 0.5 நொடி, பிழை 20 டிகிரி என்றால் நொடிக்கு 40 டிகிரி வேகம் கேட்கும். அந்த வேகத்தை விமானத்தால் தர முடிகிறதா என்பது முந்தைய படியின் லாக்கிலேயே தெரியும்.

சிறு விமானங்களுக்கு 0.5 நல்ல தொடக்கம். பெரிய, மந்தமான விமானத்துக்கு 0.8 வரை போகலாம். சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று 0.2 வைத்துவிட்டு ஆட்டம் வந்ததும் பி-யைக் குறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது உள்ளே இருந்த நல்ல வளையமும் கெட்டுவிடும்.

7. பிட்ச், அப்புறம் ரட்டர்

ரோலுக்குச் செய்ததையே பிட்சுக்கும் செய்யுங்கள், இன்னும் உயரத்தில், இன்னும் சின்னச் சின்ன அசைவுகளாக. எஃப்எஃப் அளக்கும்போது கவனம்: பிட்சில் எலிவேட்டரைப் பிடித்து வைத்தால் வேகம் மாறிக்கொண்டே போகும், அதனால் முதல் ஒரு நொடியின் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிட்சுக்கென்று தனியாக ஒன்று உண்டு: திருப்பத்தில் மூக்கைத் தூக்குவது. 45 டிகிரி சாய்வில் இறக்கை 1.41 மடங்கு தூக்க வேண்டும், 60 டிகிரியில் 2 மடங்கு. இதற்கான கெயின் குறைந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் உயரம் போகும், கூடினால் ஏறும். சாய்வை 45 டிகிரியில் பிடித்து ஒரு முழு வட்டம் பறந்து, தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அதே 45 டிகிரியில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் கூடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். குறைந்தபட்ச வேக வரம்பை நேர்ப் பறப்பின் ஸ்டால் வேகத்தை ஒட்டி வைத்தவர்களின் விமானம் திருப்பத்தில்தான் விழும்.

ரட்டரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். திருப்பத்தில் வால் வெளியே சறுக்கினால் ஏலரானோடு கொஞ்சம் ரட்டரைக் கலந்துவிடுங்கள்.

ஆர்டுபைலட்டின் ஆட்டோடியூன் ரோல், பிட்ச் வளையங்களின் வேலையை உங்களுக்காகச் செய்துவிடும். நான் பயன்படுத்துகிறேன், தயக்கம் இல்லை. ஆனால் குச்சியை மெல்ல அசைத்தால் அது எதையும் கற்காது. ஒரு பக்கம் முழுவதும் சட்டென்று தள்ளி, காத்திருந்து, மறுபக்கம் முழுவதும் தள்ள வேண்டும்; ரோலில் இருபது முறை, பிட்சில் இருபது முறை. தீவிர அளவை (AUTOTUNE_LEVEL) 6-ல் வைத்துத் தொடங்குங்கள். உயரத்தையும் பாதையையும் அது தொடாது. லொடலொடக்கும் கம்பியையும் அது சரிசெய்யாது. அந்த லொடலொடப்புக்கு ஏற்ற மந்தமான எண்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

8. வேகத்துக்கு ஏற்ற திருத்தம்

ஏலரானின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் அதே கோணம் நான்கு மடங்கு திருகும். அதனால் 15 மீட்டரில் அழகாக இருந்த கெயின் 25 மீட்டரில் துடிக்கும், 10 மீட்டரில் சோம்பும்.

ஆர்டுபைலட் இதைத் தானே செய்துகொள்கிறது, ஆனால் ஒரு அடிப்படை வேகத்தை வைத்துத்தான். அந்த வேகத்தை டியூனிங் முடிந்த பிறகு மாற்றினால் எல்லாக் கெயினும் மாறின மாதிரிதான். முதலிலேயே முடிவு செய்து கைவைக்காமல் விடுங்கள். ஃப்ளைட்கியரிலோ எக்ஸ்-பிளேனிலோ நீங்களே எழுதினால், அடிப்படை வேகத்தைத் தற்போதைய வேகத்தால் வகுத்து, எஃப்எஃப்பை அதன் ஒருமடியாலும், பி-யையும் டி-யையும் இருமடியாலும் பெருக்குங்கள். வேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது வகுத்தல் வெடிக்காமல் கீழ் வரம்பு வையுங்கள்.

9. உயரமும் வேகமும் ஒன்றாக

இங்கே வரும் வரை பிட்ச் உயரத்துக்கு, த்ராட்டில் வேகத்துக்கு என்று தனித்தனியாக நினைத்திருப்பீர்கள். அப்படிப் பிரித்தால் இரண்டும் சண்டை போடும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது 1 மீட்டர் வேகத்தைக் கொடுத்தால் சுமார் 1.5 மீட்டர் உயரம் வாங்கலாம். 30 மீட்டர் வேகத்தில் 3 மீட்டர். ஆர்டுபைலட்டிலும் பிஎக்ஸ்4-இலும் இருக்கும் டெக்ஸ் (TECS) என்ற உயர-வேகக் கட்டுப்பாடு இதைத்தான் பயன்படுத்துகிறது: த்ராட்டில் மொத்த ஆற்றலைக் கூட்டும் குறைக்கும், பிட்ச் அதை உயரத்துக்கும் வேகத்துக்கும் பங்கு பிரிக்கும்.

அதனால் இங்கே கெயினை முதலில் தொடக் கூடாது. விமானத்தால் என்ன முடியும் என்று அளந்து சொல்வதுதான் முதல் வேலை. பயண வேகத்தைப் பிடித்துக்கொண்டு முழு த்ராட்டிலில் ஏறுங்கள். நிலையான ஏறும் வேகத்தைக் குறியுங்கள். த்ராட்டிலை மூடி அதே வேகத்தில் இறங்குங்கள். அது குறைந்தபட்ச இறங்கும் வேகம். மூக்கைத் தாழ்த்தி, வேக உச்சத்தைத் தாண்டாமல் எவ்வளவு வேகமாக இறங்க முடிகிறது என்று பாருங்கள், அது அதிகபட்சம்.

ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள். பாதி காலியான பேட்டரியில் விமானம் அவ்வளவு ஏறாது. முடியாததைக் கேட்டால் மூக்கு தூக்கிக்கொண்டே போகும், வேகம் கரையும்.

பிட்ச் வரம்பையும் இதோடு ஒத்துப்பாருங்கள். 15 மீட்டர் வேகத்தில் நொடிக்கு 3 மீட்டர் ஏற, பாதையின் கோணம் மட்டும் சுமார் 11.5 டிகிரி. பிட்ச் வரம்பை 10-ல் வைத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று கெயினைத் தோண்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அந்த ஒரு எண்ணைத்தான் மாற்றச் சொன்னேன்.

இவை சரியான பிறகும் ஆட்டம் இருந்தால், டெக்ஸின் நேர மாறிலியைக் கூட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் பிட்சின் தணிப்பைச் சிறிது கூட்டுங்கள். த்ராட்டில் படபடத்தால் வேக உணரியின் குழாயைப் பாருங்கள். கசிவு இருந்தால் அப்படித்தான் ஆகும்.

10. பாதை

பாதையைப் பிடித்துப் போகும் முறைகளில் ஒன்றான எல்1 வழிகாட்டலில் முக்கியமான எண் காலம், நொடிக் கணக்கில். சிறிதானால் கூர்மையாகத் திரும்பும், மிகச் சிறிதானால் நேர்கோட்டில் பாம்பு போல நெளியும். 25-ல் தொடங்கி ஒவ்வொன்றாகவோ இரண்டிரண்டாகவோ குறைத்து, நெளிவு தொடங்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மேலே நிறுத்துங்கள்.

ஒரு செவ்வகப் பாதை போட்டுப் பறக்க விடுங்கள். நேர்கோட்டில் நெளிந்தால் காலத்தைக் கூட்டலாம். முனையில் அகலமாகத் தாண்டிப் போனால், காலத்தைத் தொடும் முன் கணக்குப் போடுங்கள். திருப்ப ஆரம் என்பது வேகத்தின் இருமடியை, புவியீர்ப்பையும் சாய்வின் டேன்ஜென்டையும் பெருக்கிய எண்ணால் வகுத்தது. 15 மீட்டர், 30 டிகிரி சாய்வு என்றால் 40 மீட்டர். பின்னாலிருந்து 8 மீட்டர் காற்று தள்ளினால் தரை வேகம் 23. அந்தக் கணத்தில் தரையில் வரையும் வளைவின் ஆரம் 90 மீட்டரைத் தாண்டும். காற்றுத் திசையில் போகும்போது மட்டும் முனையைத் தாண்டுகிறது என்றால் அது இயற்பியல், டியூனிங் பிழை அல்ல. சாய்வு வரம்பைக் கூட்டுங்கள், அல்லது புள்ளிகளைத் தள்ளி வையுங்கள்.

11. சிமுலேட்டரிலிருந்து வெளியே எடுத்துப் போகும்போது

காற்றில்லாத சிமுலேட்டரில் கிடைத்த எண்களை அப்படியே ஏற்ற வேண்டாம். முதலில் அங்கேயே காற்றையும் கொந்தளிப்பையும் போடுங்கள், ஜேஎஸ்பிசிம்மின் சென்சார் கூறில் இரைச்சலைச் சேருங்கள். அப்போதும் நின்றால், பி-யையும் டி-யையும் பாதியாக்கி ஏற்றுங்கள். எஃப்எஃப்பை மட்டும் குறைக்காதீர்கள். அது விமானத்தின் வடிவம் சார்ந்தது, முதல் பறப்பின் லாக்கிலிருந்து மறுபடி வகுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பறப்பில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் எல்லா எண்களையும் கோப்பாகச் சேமித்து, பெயரில் தேதியையும் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். முதல் பறப்பில் கையால் ஓட்டும் முறை எப்போதும் ஒரு விசைத் தூரத்தில் இருக்கட்டும். ஆட்டம் தொடங்கினால் எண்ணைத் தேட வேண்டாம். த்ராட்டிலைக் குறைத்து, விசையைத் தட்டி, கையால் இறக்குங்கள். வேகம் குறைந்தாலே துடிப்பு பாதி அடங்கிவிடும். லாக்கைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.